எம்.எல்.ஏ.வும் நானும் எட்டாவது பரீட்சை எழுதியது

வேம்புலி சவுண்ட் சர்வீஸ்,
ரயில்வே கேட் பக்கம்,
திருமுல்லைவாயில்.
ஆனி மாதக் கடைசி, 1973.

அரக்கோணத்தில் வருகிற போகிற ரயிலுக்கெல்லாம் கொடி காட்டிக்கொண்டும், வீட்டில் என் தங்கச்சி காட்டுகிற கொடிக்கு நின்றுகொண்டும், சீரும் சிறப்புமாக வாழ்ந்துவரும் மதிப்பிற்குரிய மச்சான் சின்னப்பையன் அவர்களுக்கு மைத்துனன் வேம்புலி கும்பிட்டு எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் வீட்டுக்காரி கன்னியம்மாவும் ஆம்ப்ளிபயரும் சௌக்கியம். ஹாரன் ஒன்றுக்கு மட்டும் சளி கட்டினாற்போல் கரகரப்பு, அதுவும் போகப் போகச் சரியாகிவிடும். அவ்விடம் நீங்களும் தங்கச்சி அங்கம்மாவும் கல்யாணப்பெண் ராணியும் எந்தக் கரகரப்பும் இல்லாமல் இருக்க மாசிலாமணீஸ்வரரை வேண்டிக்கொள்கிறேன்.

நீங்கள் போட்ட கார்டு கிடைத்தது. ராணிக்குப் பார்த்திருக்கும் பையன் கரண்டு ஆபீசில் வேலை என்றும், ஆவணியில் கல்யாணம் என்றும், சீரியல் லைட்டும் மைக் செட்டும் லைசென்ஸ் வைத்திருக்கும் ஆளிடம்தான் கொடுக்க வேண்டும் என்று சம்பந்தி வீட்டில் கண்டிப்பாகச் சொல்கிறார்கள் என்றும், ஆகையால் நான் தாய்மாமனாக வந்து சபையில் உட்கார்ந்தால் போதும் என்றும் எழுதியிருந்தீர்கள். உட்காருவதற்கு நான் என்ன குத்துவிளக்கா மச்சான்? குத்துவிளக்கைக்கூட ஏற்றித்தான் வைக்கிறார்கள். மற்ற தாய்மாமன்கள் வளையல் போடுவார்கள், பட்டு எடுப்பார்கள், தட்டு தட்டாய்த் தூக்கி வருவார்கள். என்னிடம் இருப்பது வெளிச்சம், அதுதான் என் சீர். உங்கள் கல்யாணத்தன்று நடந்தது உங்களுக்கே தெரியும். நான் அப்போது இன்னொருத்தன் ஹாரனை சைக்கிள் கேரியரில் கட்டி மிதித்துக்கொண்டிருந்தவன், அங்கம்மாவுக்கு ஒரே ஒரு பெட்ரோமாக்ஸ்தான் என்னால் கொண்டுவர முடிந்தது, அதுவும் நீங்கள் தாலியை எடுத்த நேரம் மேண்டில் வலை பொடிந்து விழுந்து, இருட்டில் முடிச்சுப் போட்டது யார் என்று இன்றைக்கும் உறவுக்காரர்கள் கிண்டல் செய்கிறார்கள். அவள் மகள் கல்யாணத்துக்கு அரக்கோணம் ஜங்ஷனில் இறங்குகிறவன் அங்கிருந்தே பந்தலைப் பார்க்கணும் என்று நான் அன்றைக்கே நினைத்துவிட்டேன். அதனால் முதலில் ஒரு சேதியைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மைத்துனன் இப்போது பழைய வேம்புலி அல்ல. பரீட்சை எழுதித் தேறிய வேம்புலி. அதுவும் யார் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினேன் என்று தெரிந்தால் சம்பந்தி எழுந்து நின்று எனக்கு நாற்காலி போடுவார்.

நம் எம்.எல்.ஏ. உலகநாதனை உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். பரவாயில்லை, அவருக்கு என்னைத் தெரியும். போன வருஷம் மழைக்காலத்தில் வேலப்பன்சாவடியில் ஒரு பள்ளிக்கூடத்துப் புதுக்கட்டடத்தைத் திறந்துவைக்க வந்தார். மைக் செட் நான். கூட்டம் லட்சம் பேர், அதில் ஒரு எண்பது பேர் முன்னால் தெரிந்தார்கள், மிச்சப்பேர் மழைக்கு ஒதுங்கியிருக்க வேண்டும். எர்த் என்று ஒரு கம்பி உண்டு மச்சான், அதை மண்ணில் புதைக்க வேண்டும் என்பது முறை. நான் அதை மண்மேல் வைத்துவிட்டேன், புதைக்கத்தான் நேரமில்லை. அவர் மாலை மரியாதை எல்லாம் வாங்கிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, ஈரத்தரையில் நின்று, மைக் கம்பியை இறுக்கிப் பிடித்து, "கல்வி என்பது" என்று ஆரம்பித்தார். அவ்வளவுதான், உடம்பு உதறுகிறது, முடி நட்டுக்கொண்டது, கண் ரெண்டும் வானத்தைப் பார்க்கிறது, "ஆ" என்று ஒரு சத்தம் வேறு வருகிறது. ஜனங்கள் என்ன நினைத்தார்கள் தெரியுமா, படிப்பைப் பற்றிப் பேசவும் மனுஷனுக்கு உணர்ச்சி பொங்கிவிட்டது என்று நினைத்து ஒரே கைதட்டல். முன்வரிசையில் ஒரு அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டது. கட்சிக்காரர் ஒருத்தர் வாழ்க போட ஆரம்பித்துவிட்டார். நான் பாய்ந்து ஃப்யூஸைப் பிடுங்கியதும் அவர் மாலையோடு என் மேலேயே சாய்ந்தார். அவர் அரசியல் வாழ்க்கையில் அப்படி ஒரு கைதட்டல் வாங்கியதே இல்லை, அதை வாங்கிக் கொடுத்தது என் மைக்.

மேடைக்குப் பின்னால் கோலி சோடா குடித்து மூச்சு வந்ததும் என்னைக் கூப்பிட்டார். சபையில் செந்தமிழ் பேசினாலும் தனியே பேசும்போது நம்ம பேச்சுதான்.

"வேம்புலி, நீ இன்னா படிச்சிகீறே?"

"அஞ்சாவதுங்க."

"பாஸா?"

"அஞ்சாவதுக்குப் போனேன்னுதாங்க சொன்னேன்."

"அப்போ கரண்டு வேலை யார் கத்துக் குட்த்தது?"

"கரண்டேதாங்க."

அவர் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எனக்கும் இன்னிக்கு ஒரு பாடம் எடுத்துச்சுபா" என்றார். திட்டவே இல்லை. நேராக வீட்டுக்குப் போய், சட்டசபையில் கொண்டுவர ஒரு தீர்மானம் எழுதினார். கம்பி இழுக்கிறவன், லாரி ஓட்டுகிறவன், ஊசி போடுகிறவன் என்று மற்றவர் உயிர் யார் கையில் இருக்கிறதோ அவரெல்லாம் எட்டாவது தேறியிருக்க வேண்டும், அதுக்கு மேல் கைவேலையிலும் ஒரு பரீட்சை தேற வேண்டும், இப்போதே தொழிலில் இருக்கிறவர்களை விரட்டாமல் சர்க்காரே வாத்தியார் வைத்துப் படிக்கவைக்க வேண்டும். இதுதான் தீர்மானம். ஆகவே மச்சான், இந்த நாட்டில் அப்படி ஒரு சட்டம் வருமானால் அதுக்கு விதை போட்டவன் உங்கள் மைத்துனன். நான் மட்டும் அன்றைக்கு எர்த்தை ஒழுங்காகப் புதைத்திருந்தால் கல்வி வளர்ச்சியே கிடையாது.

தீர்மானம் வந்த அன்றைக்கு நான் கோட்டைக்குப் போயிருந்தேன். மேலே பார்வையாளர் மாடத்தில் எனக்கென்று தனி இடம், பெஞ்சின் ஓரம், தூணுக்குப் பின்னால். உலகநாதன் நன்றாகத்தான் பேசினார். பேசி முடித்து உட்காரப் போகும்போது எதிர்வரிசையிலிருந்து ஒருத்தர், ஒல்லியான ஆள், மெதுவாக எழுந்து, தீர்மானம் கொண்டுவந்த உறுப்பினர் எத்தனாவது தேறியவர் என்று அவை அறியலாமா என்று கேட்டார். இவர் ஏழாவதோடு ஆவடியில் செங்கல் சூளைக்குப் போனவர். உட்காரப் போனவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அந்த ஒல்லி விடாமல், "சட்டம் செய்கிறவர் கையில் யார் உயிரும் இல்லையா?" என்று கேட்டாரே பார்க்கணும், இவர் கட்சிக்காரர்களே மேஜைக்குக் கீழே குனிந்து எதையோ தேடுகிற மாதிரி சிரித்தார்கள். தீர்மானம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போய்விட்டது.

மறுநாள் காலையில் அவர் கார் என் கடை வாசலில் நிற்கிறது. நான் மைக்குக்குத்தான் ஏதோ தண்டனை வந்துவிட்டது என்று ஹாரன்களை எல்லாம் சாக்கு போட்டு மூடினேன். அவர் உள்ளே வந்து ஸ்பீக்கர் பெட்டி மேல் உட்கார்ந்து, ரெண்டு பேரும் பிரைவேட்டாக ஈ.எஸ்.எல்.சி., அதாவது எட்டாவது கவர்மெண்ட் பரீட்சை, எழுதுகிறோம் என்றார். அவர் எழுதுவது சரி, நான் எதுக்கு என்று கேட்டேன்.

"நீ பாஸ் பண்ணிட்டேன்னு வையி, இது கஷ்டமான பரிட்சைன்னு எவனும் வாய் தொறக்க மாட்டான். இந்தத் தொகுதியிலேயே அதுக்குத் தோதான ஆளு நீதான்."

இத்தனை பேர் இருக்கும் தொகுதியில் என்னைப் பொறுக்கி எடுத்தார் என்றால் அது சும்மாவா? லைசென்ஸ் முறை வந்ததும் முதல் லைசென்ஸ் எனக்குத்தான் என்று வாக்கும் கொடுத்தார். கன்னியம்மாவிடம் சொன்னேன். அது சிரித்த சிரிப்பில் குழம்பு அடிப்பிடித்துவிட்டது.

பாடம் சொல்லிக்கொடுக்க வந்தது புஷ்பா டீச்சர். திருமுல்லைவாயில் வீட்டிலிருந்து குத்தம்பாக்கம் பள்ளிக்கூடத்துக்கு பஸ் மாறி பஸ் மாறிப் போய்வருகிற பொம்பளை, பக்கத்தில் மாற்றல் வேண்டும் என்று எம்.எல்.ஏ. வாசலில் நின்று நின்று கால் தேய்ந்தது. இவர்தான் நாளைக்கு வாங்க நாளைக்கு வாங்க என்று அனுப்பிக்கொண்டிருந்தவர். இப்போது இவரே அதன் முன்னால் சிலேட்டோடு. என் கடையில்தான் சாயங்கால வகுப்பு. கட்சிக்காரர்களிடம் கமிட்டி மீட்டிங் என்று சொல்லிவைத்திருந்தார். ஆகையால் வெளியே பத்துப் பேர் மனுவோடு நிற்பார்கள், உள்ளே டீச்சர் பதினேழாம் வாய்ப்பாடு கேட்கும். முதல் நாள் அவர் குழைந்துகொண்டு, "டீச்சர், உங்க டிரான்ஸ்பர் விஷயம்" என்று ஆரம்பித்தார். அது சாக்பீசைக் கீழே வைக்காமலே, "அதை நாளைக்குப் பார்த்துக்கலாம், இப்ப தசம பின்னம்" என்றது. ஒரு நாள் வீட்டுப்பாடம் செய்யாமல் வந்ததுக்கு அவரை எழுந்து நிற்கவைத்துவிட்டது. நான் செய்திருந்தேன். அதாவது காலையிலேயே டீச்சர் வீட்டு வாசலில் விடையைக் கேட்டு எழுதிக்கொண்டேன், அதுவும் ஒரு படிப்புதானே. கணக்கில் அவர் புலி, சூளையில் செங்கல் எண்ணின ஆள். எனக்குக் கணக்கு ஓடாது, ஆனால் மனப்பாடம் ஓடும். மைக் செட்காரனுக்கு ஒரே ரெக்கார்டைத் திரும்பத் திரும்பக் கேட்டுப் பழக்கம். புஷ்பா டீச்சர் சொல்வதை எல்லாம் அப்படியே பாட்டு மாதிரி ஏற்றிக்கொண்டேன், அர்த்தம் கேட்டால் மட்டும் ஊசி எகிறிவிடும்.

பரீட்சை சித்திரை வெயிலில், பூந்தமல்லியில். அவர் யாருக்கும் தெரியாமல் போகணும் என்றுதான் நினைத்தார். ஆனால் ஒரு எம்.எல்.ஏ. எங்கே போனாலும் முன்னால் மாலை போய்விடும் மச்சான், அது எப்படிப் போகும் என்று யாருக்கும் தெரியாது. நாங்கள் போய் இறங்கினால் பள்ளிக்கூட வாசலில் மேளம். உள்ளே போனால் பரீட்சை மேற்பார்வை பார்க்கும் பெரியவர் பதறி எழுந்து, எம்.எல்.ஏ. பள்ளிக்கூடத்தைப் பார்வையிட வந்திருக்கிறார் என்று நினைத்து, கரும்பலகைக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்காரவைத்து, மாணவச் செல்வங்களுக்கு நாலு வார்த்தை அறிவுரை சொல்லணும் என்று கேட்டுக்கொண்டார். நான் பின்னால் நின்று வேண்டாம் வேண்டாம் என்று கையாட்டினேன். கேட்பாரா? எதிரே அத்தனை பேர் வாயை மூடி உட்கார்ந்திருக்கிறார்கள், அப்படி ஒரு கூட்டம் அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை, ஆரம்பித்துவிட்டார். காலத்தின் அருமையைப் பற்றித்தான் பேசினார். மணி அடித்துக் கேள்வித்தாளும் கொடுத்து எல்லோரும் எழுத ஆரம்பித்த பிறகும் பேசினார். கடைசியில் முடித்துக்கொண்டு, சட்டைப்பையிலிருந்து ஹால் டிக்கெட்டை எடுத்து அந்தப் பெரியவரிடம் நீட்டினார். அவர் அதைப் பார்க்கிறார், இவரைப் பார்க்கிறார், மறுபடி அதைப் பார்க்கிறார், பிறகு தன் நாற்காலியிலேயே பொத்தென்று உட்கார்ந்தார். சின்னப் பிள்ளைகள் பெஞ்சில் எம்.எல்.ஏ. முட்டி நுழையவில்லை. காலை வெளியே நீட்டிக்கொண்டு, மாலையை மடியில் வைத்துக்கொண்டு எழுதினார்.

மற்றப் பாடங்களை எல்லாம் ஒரு மாதிரி தாண்டிவிட்டோம். கடைசி நாள் சமூகப் பாடம். கேள்வித்தாளைப் பிரித்ததும் அவர் முகம் பூத்துவிட்டது. என்னைத் திரும்பிப் பார்த்துக் கண்ணடித்தார். சட்டம் எவ்வாறு இயற்றப்படுகிறது, சட்டமன்ற உறுப்பினரின் கடமைகள் யாவை என்று பெரிய கேள்வி, பெரிய மார்க். இந்த உலகத்தில் அந்தக் கேள்விக்கு அவரைவிட யாருக்குப் பதில் தெரியும்? எழுதினார் எழுதினார், கூடுதல் தாள் வாங்கி வாங்கி எழுதினார். நான் புஷ்பா டீச்சர் ரெக்கார்டைப் போட்டேன். மசோதா முன்வைக்கப்படும், முதல் வாசிப்பு, இரண்டாம் வாசிப்பு, விவாதம், மூன்றாம் வாசிப்பு, ஆளுநர் ஒப்புதல், சுபம். வாசிப்பு என்றால் யார் வாசிப்பார்கள், என்ன ராகம் என்று எனக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது.

முடிவைப் போன வாரம் பூந்தமல்லிப் பள்ளிக்கூடத்துச் சுவரில் ஒட்டினார்கள். நான், எம்.எல்.ஏ., புஷ்பா டீச்சர் மூன்று பேரும் போனோம். வேம்புலி பாஸ். உலகநாதன் சமூகப் பாடத்தில் பெயில்.

நான் சந்தோஷத்தில் குதிக்கப் போனவன், அவர் முகத்தைப் பார்த்து ஒற்றைக் காலோடு நிறுத்திக்கொண்டேன். கணக்கில் அவருக்கு எண்பதுக்கு மேல். தெரிந்த பாடத்தில் முட்டை. அப்படி என்னதான் எழுதினீங்க என்று டீச்சர் கேட்டது. அவர் அந்தச் சுவர் ஓரத்திலேயே நின்று சொன்னார். காலையில் எழுந்தால் வாசலில் கூட்டம், ரேஷன் கார்டு, ஆஸ்பத்திரியில் கட்டில், போலீஸ் ஸ்டேஷனில் மருமகன், அப்புறம் காதுகுத்து, அப்புறம் சாவு, சாவுக்கு மாலை, கல்யாணத்துக்கு அதைவிடப் பெரிய மாலை. மசோதா என்றால் கோட்டைக்குப் போனதும் கையில் கொடுப்பார்கள், கட்சிக் கொறடா நம்மைப் பார்ப்பார், நாம் அவரைப் பார்ப்போம், அவர் தலையாட்டினால் ஆம் என்போம், சட்டம் ஆகிவிடும். இதைத்தான் விவரமாக எழுதியிருக்கிறார்.

"ஏன் டீச்சர், நான் எய்தினதுல ஒண்ணாவது பொய்யா?"

"பொய் இல்லைங்க. பாடத்துல இல்லை."

"அப்போ இன்னா பண்றது?"

"ஒண்ணு பாடத்தை மாத்தணும், இல்லேன்னா நீங்க செய்யற வேலையை மாத்தணும். ரெண்டுக்கும் அதிகாரம் உங்க கையிலதான் இருக்கு. எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு."

அவர் டீச்சரைக் காரில் ஏறச் சொல்லி வீட்டில் விட்டுவிட்டு, என்னை இறக்கிவிடும்போது, நாளைக்கு சபையில் தீர்மானம் மறுபடி வருகிறது, நீ வா என்றார். அவர் நினைத்திருந்தால் யாருக்காவது ஒரு போன் போட்டு அந்த மார்க்கைத் தூக்கிக்கொண்டிருக்கலாம். போடவில்லை. அதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன், இதில் மட்டும் நான் ஒரு வரியும் சேர்த்து எழுதவில்லை.

மறுநாள் அதே தூண், அதே ஒல்லி. அவர் எழுந்து பழைய கேள்வியையே கேட்டார். உலகநாதன் எழுந்தார். சபையே இவர் நெளிவதைப் பார்க்கக் காத்திருந்தது.

"பேரவைத் தலைவர் அவர்களே, அடியேன் இவ்வாண்டு எட்டாம் வகுப்புத் தேர்வு எழுதினேன். சமூகப் பாடத்தில், சட்டமன்ற உறுப்பினரின் கடமைகள் என்ற கேள்வியில் தோற்றுவிட்டேன். எனக்கு மின்சாரம் பாய்ச்சிய ஒலிபெருக்கிக்காரர் தேறிவிட்டார். அதோ, மாடத்தில் அமர்ந்திருக்கிறார். அவர் தொழிலுக்கு அவர் தகுதி பெற்றுவிட்டார். என் தொழிலுக்கு நான் அடுத்த ஆண்டு மறுபடி எழுதுவேன். உறுப்பினர்களில் யார் என்னோடு வந்து எழுதுகிறீர்கள்?"

ஒருத்தரும் சிரிக்கவில்லை மச்சான். மேஜைக்குக் கீழே குனிய ஆள் இல்லை. அந்த ஒல்லி உட்கார்ந்தவர் எழவில்லை. மொத்த சபையும் அண்ணாந்து என்னைப் பார்த்தது, மந்திரிகள் முதல் மேஜைக்குத் தண்ணீர் வைக்கிறவர் வரை. மரியாதைக்கு எழுந்து எல்லோருக்கும் சேர்த்து ஒரு கும்பிடு போட்டேன். மாடத்தில் எழுந்து நிற்கக் கூடாதாம், காவலர் ரெண்டு பேர் வந்து தோளில் கைபோட்டு வெளியே கூட்டிப்போனார்கள். முதல் மந்திரிக்குத்தான் அப்படி ரெண்டு பக்கமும் ஆள் வரும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். தீர்மானத்தை அரசாங்கம் ஏற்றுக்கொண்டு, விவரங்களைப் பார்த்துச் சொல்ல படித்தவர்கள் குழு ஒன்றிடம் கொடுத்திருக்கிறது. எட்டாவது தேறினவன், அதாவது நான், கைவேலைப் பரீட்சை ஒன்று கொடுத்துவிட்டால் லைசென்ஸ் கைக்கு வந்த மாதிரி. புஷ்பா டீச்சருக்கும் மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. அதைக் கேட்டு அது, பக்கத்துல வந்துட்டா பெயிலான பையன் தினமும் வந்து நிப்பானே என்றுதான் வருத்தப்பட்டது.

ஆகையால் மச்சான், சம்பந்தியிடம் தைரியமாகச் சொல்லுங்கள். லைசென்ஸ் இல்லாதவன் அல்ல, சட்டசபையே அண்ணாந்து பார்த்தவன் பந்தல் போட வருகிறான். வாசலில் தோகை விரிக்கிற மயில், விரித்து மூடி விரிக்கும். பந்தல் உச்சியில் ராணி பேரும் மாப்பிள்ளை பேரும் பச்சையும் சிவப்புமாக மாறி மாறி எரியும். நாலு திக்குக்கும் நாலு ஹாரன். எர்த்தை முழங்கால் ஆழம் புதைக்கிறேன், அந்தக் கரண்டு ஆபீஸ் மாப்பிள்ளையே வந்து தோண்டிப் பார்த்துக்கொள்ளட்டும். முகூர்த்த நேரத்தில் அங்கம்மா முகத்தில் வெளிச்சம் விழுகிற மாதிரி ஒரு பல்பைத் தனியாகத் திருப்பி வைப்பேன். வேறு யாரும் இந்த வேலையைத் தொடக் கூடாது. வேறு ஆளுக்குக் கொடுத்தீர்கள் என்று கேள்விப்பட்டால் தாய்மாமன் வரிசைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கச்சிக்கு என் ஆசி. ராணிக்கு நூறு வருஷத்து வெளிச்சம். உங்களுக்கு வழக்கம்போல் மரியாதை. கன்னியம்மா எல்லோரையும் கேட்டதாக எழுதச் சொன்னது, கேட்டுவிட்டு மறுபடி சிரிக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மைத்துனன்,
வே. வேம்புலி, ஈ.எஸ்.எல்.சி.

பி.கு.: கடிதத்தை உறையில் போட்டு நாக்கால் ஒட்டப் போகிற நேரம் எம்.எல்.ஏ. கார் வந்து நின்றது. அந்தப் படித்தவர்கள் குழு நேற்றுக் கூடிப் பேசியதாம். தீர்மானம் அருமை, ஆனால் பரீட்சைத் தாள்களை எல்லாம் வரவழைத்துப் பார்த்ததில், வேம்புலி என்பவரே தேறியிருக்கிறார் என்றால் எட்டாவது போதிய தரம் ஆகாது என்று ஒரே மனதாக முடிவு செய்து, கம்பி வேலைக்கு எஸ்.எஸ்.எல்.சி., அதாவது பதினோராவது, என்று ஏற்றிவிட்டார்களாம். எம்.எல்.ஏ. எட்டாவதை முடித்துக்கொண்டு என் கூடவே அதையும் படிப்பதாகச் சொல்லிப் புது சிலேட்டு வாங்கிவந்திருக்கிறார். புஷ்பா டீச்சர் எங்களுக்குப் பயந்து மாற்றல் வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டு குத்தம்பாக்கத்திலேயே இருந்துவிட்டது. ஆகவே ஆவணி சரிப்படாது மச்சான். கல்யாணத்தை ஒரு மூணு வருஷம் தள்ளி வையுங்கள். பெயில் ஆகாமல் போனால் மூணு, இல்லாவிட்டால் மறுபடி எழுதுகிறேன்.